கோரைமேட்டுத் தண்ணீர் மாதிரி

கோரைமேட்டு அடிபம்பில் தண்ணீரின் வாசனைதான் முதலில் மாறியது. பிறகு நிறம் மாறியது. கடைசியில் அதில் துவைத்த துணியின் நிறமும் மாறியது. மாறாமல் இருந்தது அதைக் குடிக்கிற ஜனங்கள்தான். அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஏரிப் பக்கம் இறங்கி, கோரைப்புல் மண்டிய மேட்டில் ஏறினால் அறுபது வீடுகள். கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே ட்ரம்மு கம்பெனி. எங்கெங்கிருந்தோ ரசாயனம் வந்த காலி ட்ரம்களை வாங்கி, கழுவி, பெயிண்ட் அடித்து விற்கிற கம்பெனி அது. நாளைக்கு நானூறு ட்ரம் கழுவினார்கள். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை என்று சொன்னார்கள். அது ஒருவகையில் உண்மைதான். கம்பெனிக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. தண்ணீர் அதை விட்டு எங்கேயும் போகாமல் நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

பம்புக்கு நேர் எதிர் வீடு குணசுந்தரியுடையது. ஏரியில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவுகிறவள் அவள். இருபத்தைந்து வருஷமாக அந்த விரல்கள் சேற்றில் இறாலையும் கல்லையும் பார்க்காமலே பிரித்தறிந்தன. ஒரு சித்திரையில் விரல் நுனிகளில் தோல் உரிய ஆரம்பித்தது. இறாலும் கல்லும் ஒன்றுபோலவே எரிந்தன. அதே வருஷம் அவள் புருஷன் தருமனுக்குக் கால் வீங்கியது. படகேறிப் போய்க்கொண்டிருந்த மனுஷன் கட்டிலை விட்டு இறங்கவே ஆள் தேட வேண்டியதாயிற்று. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குடிக்கிற தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை வைத்து மகள் பவித்ரா மனு எழுதினாள். பொன்னேரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். ஊரில் யாருக்கு மனு வேண்டுமானாலும் அவள்தான் எழுதுவாள். குணசுந்தரி ஒரு திங்கட்கிழமை இறாலை விட்டுவிட்டு திருவள்ளூர் போய்க் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று அதைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்பது மாதம் கழித்து அரசாங்கம் வந்தது.

வந்தது ‘மண் மற்றும் நிலத்தடி நீர் மாசு மாதிரி சேகரிப்பு இயக்ககம்’. இரண்டு ஜீப்பு, ஒரு சாமியானா, நாற்பது நாற்காலி, ஒரு பேனர். ‘கோரைமேடு தண்ணீர் மாதிரி சேகரிப்புத் தொடக்க விழா’ என்று பேனரில் போட்டிருந்தது.

பக்கத்து வீட்டு முனியம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “தண்ணி மாதிரி சேகரிக்கறாங்களாம். தண்ணி மாதிரின்னா இன்னாடி? சாராயமா?” என்று கேட்டாள்.

“நம்ம பம்புல வர்றதத்தான் சொல்றாங்க. தண்ணி மாதிரிதான கீது அது” என்றாள் குணசுந்தரி.

உதவி இயக்குநர் தனசேகர் மேடையேறினார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. களப்பணிக்கு வந்திருப்பதால் தலையில் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தார். மேலே விழுவதற்கு வானத்தைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

“இந்த இயக்ககம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் நாலாயிரத்து எழுநூறு மாதிரி எடுத்திருக்கோம். ஒண்ணுகூட வீண் போகல. எல்லாம் எங்க குடோன்ல பத்திரமா இருக்கு” என்று தொடங்கினார். “சில பேர் கேக்கறாங்க, இதனால எந்த ஊர்த் தண்ணி சுத்தமாச்சுனு. சுத்தம் பண்றது வேற டிபார்ட்மெண்ட். நாங்க கண்டுபிடிக்கற டிபார்ட்மெண்ட். கண்டுபிடிச்சுட்டா எங்க வேலை முடிஞ்சுபோயிடும். அதனால நாங்க எதையும் அவசரப்பட்டுச் செய்யறதில்ல.”

முன்வரிசையில் இருந்த அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள்.

வெயில் கொளுத்தியது. வீடு தேடி வந்த மனுஷர் ஆயிற்றே என்று குணசுந்தரி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். தனசேகர் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார்.

“வேண்டாம்மா. நான் நடுநிலையா இருக்கணும். இதைக் குடிச்சா எனக்குத் தண்ணியப் பத்தி ஒரு அபிப்பிராயம் வந்துடும்” என்று சொல்லிவிட்டு, ஜீப்பிலிருந்து வந்த பாட்டிலைத் திறந்து குடித்தார்.

மாதிரி எடுக்கிற வேலை விமலுடையது. நாற்பது வயது, ஒப்பந்தப் பணியாளர், அதிகம் பேசாதவர். நீல நிறக் கையுறையை மாட்டிக்கொண்டு, பம்பின் வாயில் ஒரு மீட்டரைப் பிடித்தார். முதலில் வந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கப்போன குணசுந்தரியைத் தனசேகர் தடுத்தார்.

“இது குழாய்க்குள்ள நின்ன தண்ணி. இது உண்மையான நிலத்தடி நீர் இல்ல. குழாய் கொள்ளளவைப் போல மூணு மடங்கு வெளியேத்திட்டு, மீட்டர்ல எண்ணு மாறாம நிக்கறப்பதான் மாதிரி எடுக்கணும். முப்பது குடம் அடிச்சா போதும்.”

“நாங்க குடிக்கறது நின்ன தண்ணிதான் சார். காத்தால மொத குடம்” என்றாள் குணசுந்தரி.

“அது உங்க பழக்கம்மா. விஞ்ஞானத்துல அதுக்கு எடம் இல்ல.”

முப்பது குடம் அடித்தார்கள். எண் மாறிக்கொண்டே இருந்தது. அறுபது அடித்தார்கள். தண்ணீர் வெல்லப்பாகு நிறத்திலிருந்து டீ நிறத்துக்கு வந்து, மறுபடி வெல்லப்பாகு நிறத்துக்கே போனது. எண்ணும் கூடவே போய்வந்தது. பெண்கள் முறை போட்டு அடித்தார்கள். குணசுந்தரியின் உரிந்த விரல்கள் பம்பின் கைப்பிடியில் சிவப்பாக அச்சு வைத்தன. விமல் ஆறுமுறை கையுறை மாற்றினார். மாதிரியில் மனிதக் கை பட்டுவிடக் கூடாது என்பது விதி. அடிக்கிற கைக்கு விதி எதுவும் இல்லை.

அடித்த தண்ணீர் கால்வாயில் இறங்கி ஏரிப் பக்கமாக ஓடியது. நாளைக்கு இறால் தடவப்போகிற இடத்துக்கே அது போவதைப் பார்த்துக் குணசுந்தரிக்கு மனசு கேட்கவில்லை.

“சார், இது கெட்ட தண்ணினா ஏரில வுடலாமா?”

தனசேகர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தார். “ஆபத்தான தண்ணினு தெரிஞ்சா தொட்டி கட்டிப் பிடிச்சு வெக்கணும்னு விதி இருக்கு. ஆபத்துனு நமக்குத் தெரியுமா? ரிசல்ட் வரலையே. தெரியாத வரைக்கும் அது நல்ல தண்ணிதான்.”

“நல்ல தண்ணினா குடிக்கலாமா சார்?”

“ரிசல்ட் வராம எப்படிம்மா குடிக்கலாம்னு சொல்றது?”

இருநூற்று நாற்பதாவது குடத்தில் மீட்டரின் பேட்டரி தீர்ந்து எண் ஒரே இடத்தில் நின்றது. நிலைத்துவிட்டது என்று குறித்துக்கொண்டார்கள். நான்கு பாட்டில் பிடித்தார்கள். தன்னுடைய பாட்டில் சுத்தமானது என்று நிரூபிப்பதற்காக விமல் ஐந்தாவதாக ஒரு பாட்டிலில் தனசேகர் குடித்து மீந்த கடைத் தண்ணீரை ஊற்றி அதற்கும் சீட்டு ஒட்டினார். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஒரு பாட்டில் நழுவி உருண்டது. குணசுந்தரி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாருடைய முகமும் மாறியது.

“தொட்டுட்டீங்களே” என்றார் தனசேகர். மாதிரியை யார் யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சங்கிலிப் படிவம் உண்டு. தொட்டவர்கள் அத்தனைபேரும் கையெழுத்துப் போட வேண்டும். குணசுந்தரி கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் அதற்குமேல் கட்டம் இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பாட்டில்கள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். சனியும் ஞாயிறும் லேப் விடுமுறை. திங்கட்கிழமை லேபில் ‘காலாவதி, ஏற்கப்படவில்லை’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

இது குணசுந்தரிக்குத் தெரியவந்தது அவளுக்கு வந்த நோட்டீசு மூலமாகத்தான். ரிஜிஸ்டர் தபால். பவித்ரா வாசித்தாள். சங்கிலிப் படிவத்தின்படி மாதிரிகளைக் கடைசியாகத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர் திருமதி த. குணசுந்தரி; உரிய நேரத்தில் லேபில் ஒப்படைக்கத் தவறியதற்காக அவர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும்.

தருமன் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். “எங்கடி வெச்சிருந்த நாலு பாட்டிலயும்? புடவைக்குள்ளயா?” என்று கேட்டுவிட்டு, சிரிக்கப்போய் மூச்சு வாங்கினான்.

“நீ கம்முனு படுய்யா” என்றாள் அவள். ஆனாலும் பயந்துதான் போனாள். பவித்ரா விளக்கம் எழுதினாள்: வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை என் தாயார் ஏரியில் இறால் தடவிக்கொண்டும் என் தகப்பனாரைக் கழுவிக்கொண்டும் இருந்தபடியால் மாதிரிகளை லேபுக்குக் கொண்டுபோக அவருக்கு வசதிப்படவில்லை. இயக்ககம் அந்த விளக்கத்தைப் பரிசீலித்து, முதல் தவறு என்பதால் எச்சரித்து விட்டுவிட்டது.

கூடவே ஒரு முடிவும் எடுத்தது. அடிபம்பு இனிமேல் சாதாரணப் பம்பு இல்லை, அதிகாரபூர்வ மாதிரி நிலையம். ஜனங்கள் கண்டபடி அடித்தால் நிலத்தடி நீர் கலங்கி ஆய்வு கெடும். ஆகையால் ஆய்வு முடிகிறவரை பம்பைப் பூட்ட வேண்டும். விமல் வந்து சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டார்.

“தண்ணிக்கு நாங்க இன்னா பண்றது?” என்று முனியம்மா தனசேகரிடம் போனில் கத்தினாள்.

“டேங்கர் கேளுங்கம்மா. நான் தடுக்கல.”

டேங்கர் ஆபீசில் கேட்டார்கள். தண்ணீர் கெட்டுப்போனது என்று சான்று இருந்தால் டேங்கர் அனுப்புவோம் என்றார்கள். சான்று ஆய்வு முடிந்தால் வரும். ஆய்வு பூட்டியிருந்தது.

பெண்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து சுண்ணாம்புக்குளத்துக்குப் போனார்கள். நடக்க முடியாத நாளில் கால்வாய் ஓரம் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தார்கள். அது பம்புத் தண்ணீரைவிடக் கம்பெனிக்கு இன்னும் கொஞ்சம் பக்கம்.

மூன்று மாதம் போனபின் மறுபடி வந்தார்கள். இந்த முறை மண்ணும் எடுக்க வேண்டும். தனசேகர் கையில் ஒரு வரைபடம்; அதில் ஊரும் கம்பெனியும் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டு ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. போனைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் குணசுந்தரியின் வீட்டுக்குள் புகுந்து, சமையல் கட்டில் அடுப்புக்கு முன்னால் நின்றார்.

“இங்கதான்” என்றார்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. “சார், கொல்லையில எடுங்க சார். ரெண்டு அடிதான் தள்ளி.”

“ரெண்டு அடி தள்ளினா அது உங்க வசதிம்மா. புள்ளி எங்க விழுந்ததோ அங்க எடுத்தாதான் ஆராய்ச்சி.”

அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். சிமெண்டுத் தரையை உடைத்து, துளைக்கருவியை இறக்கினார்கள். ஒரு முழத்துக்குக் கீழே மண் கறுப்பாக, வழுவழுவென்று வந்தது. நெடி வீடெல்லாம் ஏறித் தருமன் கட்டிலில் குப்புறத் திரும்பி வாந்தி எடுத்தான். பத்தடிவரை போய் மாதிரி எடுத்துக்கொண்டு, துளையை மூடுவதற்கான ஒப்பந்தம் இன்னும் இறுதியாகவில்லை என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். குணசுந்தரி அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். நெடி அம்மியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனிக்குள் விழுந்த புள்ளிகள் ஒன்பது. தனசேகர் கேட்டுக்குப் போனார். மேனேஜர் ஊரில் இல்லை, அனுமதி இல்லாமல் உள்ளே விட முடியாது என்று செக்யூரிட்டி சொன்னான். ரெண்டு அடி தள்ளக்கூடாத விஞ்ஞானம் அங்கே முந்நூறு அடி தள்ளி நின்றது. கேட்டை ஒட்டிய வரவேற்பறை வாசலில் வரிசையாக ரோஜாத் தொட்டிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தார், ஒன்பது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி மண் எடுத்து, ‘கம்பெனி வளாக மண்’ என்று சீட்டு ஒட்டினார்கள். செக்யூரிட்டி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

இந்த முறை செவ்வாய்க்கிழமை என்பதால் பாட்டில்கள் லேபுக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்து மாதத்தில் வரைவு அறிக்கை வந்தது. கோரைமேட்டின் மண்ணும் நீரும் சராசரியாக நல்ல நிலையில் இருப்பதாக அது தெரிவித்தது. ரோஜாத் தொட்டி மண் பயிர்களுக்கு மிகவும் ஏற்றது என்று தனியாக ஒரு பாராட்டும் இருந்தது.

பவித்ரா அறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். பம்புத் தண்ணீருக்கு எதிரே எண் இல்லை. ஒரு சின்ன நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையில் இயக்ககத்துக்கே போனாள்.

தனசேகர் இருவரையும் உட்காரச் சொல்லி அன்பாக விளக்கினார். “பம்பு மாதிரியப் போட்டதும் மெஷின் காட்டக்கூடிய அளவைத் தாண்டிப் போயிடுச்சு. அப்படி ஒரேயடியா ஒட்டாம நிக்கற எண்ணைக் கணக்குல சேத்தா சராசரி கெட்டுப்போகும். அதை எடுத்துட்டு மத்ததைக் கூட்டினோம். இந்தத் தடவையும் விமல் ஊத்தின கடைத் தண்ணியும் அதுல சேத்தி. ரொம்பத் தரமான தண்ணி அது.”

“நாங்க அந்தக் கடைத் தண்ணியக் குடிக்கல சார். நீங்க எடுத்துப் போட்டீங்களே, அதத்தான் குடிச்சோம்” என்றாள் பவித்ரா.

“கோவப்படாதம்மா. அளவு ஜாஸ்தின்னா ஆபத்துனு அர்த்தம் இல்ல. விஷம் ஒரு எடத்துல சும்மா கெடந்தா அது யாருக்கு என்ன பண்ணும்? மூணு விஷயம் வேணும். விஷம் இருக்கற எடம், அது வர்ற பாதை, அதை வாங்கிக்கற ஆள். அந்த ஆளுக்கு ஏற்பின்னு பேர். மூணும் சேந்தாதான் ஆபத்து. உங்க ஊர்ல ஏற்பி யாராச்சும் இருக்காங்களா?”

“அறுவது வூடு கீது சார்” என்றாள் குணசுந்தரி.

“அப்படி மொத்தமா சொல்லக்கூடாது. தண்ணியால உடம்பு கெட்டதுனு டாக்டர் சீட்டு வெச்சிருக்கணும்.”

ஊரில் சீட்டு வைத்திருந்தது தருமன் ஒருவன்தான். மற்றவர்கள் அரிப்புக்கும் வயிற்றுக்கும் கடையில் மாத்திரை வாங்கித் தின்றவர்கள். குணசுந்தரி தன் கைகளை மேசைமேல் வைத்து விரித்துக் காட்டினாள். தனசேகர் எட்டிப் பார்த்துவிட்டு, தோல் இந்த ஆய்வின் வரம்பில் வரவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்த வாரமே விமலோடு தருமனைப் பார்க்க வந்தார். இரண்டு ஆப்பிளும் வாங்கி வந்தார். வீட்டு வாசல்நிலையில் ‘ஏற்பி 1’ என்று ஒரு தகரப் பலகை அடித்தார்கள்.

“சார், இந்த ஆராய்ச்சிக்கே இப்ப நீங்கதான் உயிர். நீங்க இல்லைன்னா நாங்க எடுத்த மாதிரிக்கெல்லாம் அர்த்தமே இல்ல” என்றார் தனசேகர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து.

தருமனுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உடம்பு விழுந்த இந்த இரண்டு வருஷத்தில் அவன் வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. தலையணையை உயர்த்திக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னான்.

“தினம் எத்தனை லிட்டர் குடிப்பீங்க?”

“நல்லா இருந்தப்ப நாலு சொம்பு. இப்ப அளவாதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லிகீறார்.”

“இப்ப பம்புத் தண்ணி குடிக்கறீங்களா?”

“நீங்கதான பூட்டிட்டீங்க. ஊத்துத் தண்ணி குடிக்கிறேன்.”

தனசேகர் பேனாவை நிறுத்தினார். “ஊத்து எங்க ஆய்வு எல்லைக்குள்ள வரலையே. அப்ப பூஜ்யம்னுதான் போடணும்.”

“பூஜ்யம் போட்டா இன்னா ஆவும் சார்?”

“நீங்க ஏற்பியா இருக்க முடியாது.”

தருமன் மனைவியைப் பார்த்தான். பிறகு தனசேகரிடம், “பம்பைத் தொறந்து வுடுங்க, குடிக்கிறேன்” என்றான்.

“யோவ்” என்றாள் குணசுந்தரி.

“ஊத்தும் பம்பும் ஒண்ணுதாண்டி. எப்டியும் குடிக்கறதுதான். கணக்குல வரட்டும்.”

ஆய்வின் நலனை முன்னிட்டு இயக்ககம் ஒரு சிறப்பு ஆணை போட்டது. தினமும் காலை விமல் வந்து பூட்டைத் திறந்து, ஏற்பி ஒன்றுக்கு மட்டும் அளந்து ஒரு லிட்டர் பிடித்துக் கொடுத்து, அவன் குடித்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி பூட்டுவார். மற்ற பெண்கள் காலிக் குடத்தோடு நின்று அதைப் பார்ப்பார்கள். குணசுந்தரி அந்தத் தண்ணீரைக் காய்ச்சப் பார்த்தாள். காய்ச்சினால் தரவு மாறும் என்று விமல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். முதல் நாள் அவள் சண்டை போட்டாள். இரண்டாம் நாள் கெஞ்சினாள். தருமன் இரண்டையும் கேட்கவில்லை.

“அறுவது வூட்டுக்கும் சேத்து என் ஒருத்தன் பேருதாண்டி எழுதிகீது” என்றான். “நான் குடிச்சாதான் கம்பெனிய மூடுவான்.”

பதினெட்டு நாள் குடித்தான். கையெழுத்து நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. பதினேழாம் நாள் வெறும் புள்ளி. பத்தொன்பதாம் நாள் காலை விமல் சொம்போடு வாசலில் நின்றபோது உள்ளே பவித்ரா “நைனா, நைனா” என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் சொம்பில் இருந்ததைக் கால்வாயில் ஊற்றிவிட்டு, படிவத்தில் அன்றைய தேதிக்கு எதிரே ‘ஏற்பி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார். அந்தப் படிவத்தில் அதற்குப் பொருத்தமாக வேறு கட்டம் இல்லை.

கருமாதி முடிந்த வாரம் இறுதி அறிக்கை வெளியீட்டு விழா நடந்தது. அதே சாமியானா. தனசேகர் முதலில் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொல்லி மௌன அஞ்சலி செலுத்தினார். பிறகு பேசினார்.

“மறைந்த ஏற்பி அவர்கள் எங்களுக்குத் தந்த ஒத்துழைப்பை மறக்க முடியாது. நாங்க எதையும் மூடி மறைக்கல. பம்புல விஷம் இருக்கு. அளவு மெஷினுக்கே எட்டாத அளவு. அதை அறிக்கையில தைரியமா போட்டிருக்கோம். அது வர்ற பாதையும் இருக்கு, அதையும் போட்டிருக்கோம். ஆனா பதிவு பண்ணின ஏற்பிகளோட எண்ணிக்கை இன்னிக்குத் தேதியில பூஜ்யம். ஏற்பி இல்லைன்னா ஆபத்து இல்லை. போன மாசம் வரைக்கும் கோரைமேடு ஆபத்தான கிராமம். இன்னிக்கு ஆபத்து நீங்கின கிராமம்னு அறிவிக்கறதுல பெருமைப்படறேன். பதினோரு வருஷத்துல எங்க இயக்ககம் முழுசா முடிச்ச முதல் ஆய்வு இதுதான்.”

முன்வரிசை கைதட்டியது. பவித்ரா எழுந்து, “கம்பெனி?” என்று கேட்டாள்.

“ஆபத்தே இல்லாதப்ப கம்பெனிமேல என்னன்னு நடவடிக்கை எடுக்கறது?” என்றார் தனசேகர்.

பிறகு மேசைமேல் ஒரு தாளை வைத்து குணசுந்தரியை அழைத்தார். ‘ஏற்பி நீங்கியமைக்கான ஒப்புதல்’. குடும்பத்தார் கையெழுத்திட்டால்தான் கோப்பு மூடும். கோப்பு மூடினால்தான் பம்பு திறக்கும்.

அவள் தாளைப் பார்த்தபடி நின்றாள். “இதுல கையெழுத்துப் போட்டா, அந்த ஆளு இந்தத் தண்ணியால சாவலனு ஆயிடுமா?” என்று கேட்டாள்.

“அதைப் பத்தி இந்தத் தாள்ல எதுவும் இல்லம்மா. அவர் இல்லைனு மட்டும்தான் இருக்கு. அது உண்மைதானே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக மூன்று கிலோமீட்டர் நடந்தவர்கள். தருமனுக்காக ஒப்பாரி வைத்ததும் அவர்கள்தான்.

“போட்டுடு குணா” என்றாள் முனியம்மா, முகத்தைப் பார்க்காமல். “போன மனுசன் திரும்பி வரவா போறாரு. எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சுடி.”

“இது வெசம்னு இப்பதான சொன்னாரு. கேட்டயில்ல?”

“கேட்டேன். ஊத்துல வர்றது மட்டும் இன்னா, எளநீரா?”

குணசுந்தரி கையெழுத்துப் போட்டாள். தனசேகர் கோப்பில் நாடாவைக் கட்டினார். விமல் பூட்டைத் திறந்து, சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஜீப்பில் போய் உட்கார்ந்தார். ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டும் என்று குணசுந்தரியையே முதல் குடம் அடிக்கச் சொன்னார்கள். அடித்தாள். கொஞ்சம் சிரியுங்கள் என்று கேட்டார்கள். அவள் சிரிக்கவில்லை, வேறு கோணத்தில் கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜீப்பில் ஏறப்போன தனசேகரை அவள் மறித்து நின்றாள்.

“நாளைக்கு எங்கள்ல வேற யாருக்காச்சும் கால் வீங்கினா?”

“தாராளமா மனு குடுங்க. புது ஏற்பிக்குப் புது விண்ணப்பம். ஆய்வு முதல்லேருந்து தொடங்கும்” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு படிவம் எடுத்து நீட்டினார். “ஒண்ணே ஒண்ணும்மா. மனு பதிவாகி நாங்க வர்றதுக்கு ஒன்பது மாசம் பத்து மாசம் ஆகும். அப்புறம் லேட்டுனு எங்களைக் குத்தம் சொல்லக்கூடாது.”

ஜீப்புகள் கோரைப்புல்லைத் தாண்டிப் போய் மறைந்தன. பம்படியில் சண்டை தொடங்கியிருந்தது; யார் குடம் முதலில் என்று.

குணசுந்தரி வீட்டுக்குள் வந்து மகளை எதிரே உட்காரவைத்துப் படிவத்தைக் கொடுத்தாள். பவித்ரா பேனாவை எடுத்தாள். அம்மா சொல்லச் சொல்ல ஏற்பியின் பெயர் என்ற இடத்தில் ‘த. குணசுந்தரி’ என்று எழுதினாள். வயது நாற்பத்தாறு. அதன் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது.

“உன் பேரையும் போடு” என்றாள் குணசுந்தரி.

பவித்ரா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் பெயரை எழுதி, வயது இருபது என்று போட்டாள். பேனா அடுத்த கட்டத்துக்கு வந்து நின்றது.

“நோயோட பேருன்னு கேட்டிருக்காங்கமா. எனக்கு இன்னா எழுதறது?”

“காலியா வுடு” என்றாள் குணசுந்தரி. “அவங்க வர்றதுக்குள்ள வந்துடும்.”